நாடா வாரும் தோல் வாரும்

கார்த்திகைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பின்பக்க வழியாக வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார். திருவிழா நாளில் அந்த நேரத்துக்கு அவர் சலூனை விட்டு வரவே மாட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருந்த சவரக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"இன்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. நீயே பாரு."

ஒன்றும் ஆகாத கத்தியைத் துண்டில் சுற்றி எடுத்து வருவானேன்? விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். கத்தியின் வாயில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, அரைக் கடுகு அளவுக்கு ஒரு பல் போயிருந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அது ஹெட்மாஸ்டர் சாருடைய கத்தி.

"தேரு திரும்புச்சு. அதப் பாத்துக்கினே வார்ல இழுத்துட்டேன். வளையத்துல பட்டுடுச்சு" என்றார்.

வார் என்பது கத்தியைக் கடைசியாகத் தேய்த்துப் பதப்படுத்தும் பட்டை. ஒரு முனையில் இரும்பு வளையம் இருக்கும், அதை நாற்காலிக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தேய்க்க வேண்டும். வளையத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நிறுத்தித் திருப்பிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. இவர் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணாமலையார் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை

போன வாரம் எங்கள் சலூனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், 'நீங்கள் கடைக்குப் போய் ஏதாவது வேலை செய்ததுண்டா?' என்று. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை சலூனுக்குள் கால் வைப்பாளா? சலூன் சின்னக்கடைத் தெருவில் இருந்தது, வீடு அதன் முதுகுப்பக்கத்துச் சந்தில். நடுவில் ஒரு கதவுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் சலூன் திறந்திருக்கும்போது அந்தக் கதவைத் தாண்டி நான் போனதில்லை.

ஆனால் அங்கே இருந்த ஆறு கத்திகளையும் தீட்டியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அன்றைக்கு அவர் பத்து மணிவரை தூங்குவார். நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவேன். இடது பக்கம் முரட்டுக்கல், வலது பக்கம் மஞ்சள் நிறத்தில் சன்னக்கல், ஒரு கிண்ணம் தண்ணீர்.

இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம், இவர் ஒரு கத்தியைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது. இவருக்கு எதிலும் அவசரம், அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பார். சவரக் கத்தியை அழுத்தினால் அதன் வாய் மடங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "இப்படிக் குடுங்க" என்று பிடுங்கினேன். முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்க வைத்து, கத்தியின் கனத்தைத் தவிர வேறு கனம் கொடுக்காமல் தள்ளினேன். முடிவில் முதுகின்மேல் புரட்டித் திருப்பினேன். மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும். முறம் பிடித்துப் புடைத்த மணிக்கட்டுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கத்தியால் தனக்குத்தானே சவரம் செய்துகொண்டார். முகத்தைத் தடவிப் பார்த்தார். பாராட்டெல்லாம் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மற்ற ஐந்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பதம் பார்ப்பதற்கு அவருடைய இடது கைதான். அவர் சாப்பிட உட்காரும்போது இடது கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுப்பேன். மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தால் கத்தி தயார். அந்தக் கை எப்போதும் வழவழவென்று இருக்கும். அரைக்கைச் சட்டை போட்டால் ஒரு கை கரடி, ஒரு கை குழந்தை.

பின்னாளில் பாதி பிளேடு மாட்டுகிற கத்தி வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பிளேடு, முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். பலர் அதற்காக வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை எனக்கும் லீவு கிடைத்தது, அவ்வளவுதான்.

அவர் கை வாகு

தீட்டுவது நான் என்று வெளியே யாருக்கும் தெரியாது. 'அவன் கத்தி முகத்துல பட்டதே தெரியாது' என்று ஊரில் பேர். வேங்கிக்காலிலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்தார்கள். "எப்படிப்பா இப்படித் தீட்ற?" என்று கேட்டால் இவர், "எல்லாம் கை வாகு சார்" என்பாராம். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மியில் அரைத்துக்கொண்டே நானும் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை ரமணாசிரமம் பக்கத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் அப்பாவுடைய கத்தி என்று துருப்பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். திரும்ப வாங்கிக்கொண்டபோது அந்த மனிதர் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை இவர் வீட்டில் வந்து நடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். ஆனாலும் எனக்கு வலித்தது என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது எழுதிவிடுகிறேன்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெண்டாட்டி தீட்டிய கத்தி என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் தொழில்காரர்கள் கிண்டல் செய்தே கொன்றிருப்பார்கள்.

ஹெட்மாஸ்டர் சார்

ஹெட்மாஸ்டர் சார் ரிட்டையரானவர். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுக்காரர், பரம்பரைச் சமணர். புதன்கிழமையும் சனிக்கிழமையும் காலையில் சவரத்துக்கு வருவார். எங்களை 'வாங்க, போங்க' என்று பேசிய முதல் ஆள் அவர்தான். எழுபதுகளில் எங்கள் தொழில்காரர்களை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? என் வீட்டுக்காரரின் அப்பா வயதிருக்கும் அவருக்கு. அவர் முதன்முதலில் "உக்காரலாங்களா?" என்று கேட்டபோது, தன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று இவர் திரும்பிப் பார்த்தாராம்.

அவர் உடம்பில் தோல் படக் கூடாது. காலில் ரப்பர் செருப்பு, கைக்கடிகாரத்துக்கு ஸ்டீல் செயின். வந்த அன்றைக்கே வாரைப் பார்த்துவிட்டு, "இது மாட்டுத் தோல்தானே? இதுல தேய்ச்ச கத்தி வேணாங்க. ஒரு உயிர கொன்னு எடுத்தது" என்றார். கோபமாக இல்லை, கணக்குப் பாடத்தில் தப்பைக் காட்டுவது போல.

அவருக்காக நான் ஒரு வார் செய்தேன். கட்டிலுக்குப் பின்னுகிற அகல நாடா இருக்கிறதே, பருத்தி நாடா, அதை மூன்று மடிப்பாகத் தைத்து, முனையில் வளையம் கோத்தேன். ஒரு கத்தியைத் தனியாக ஒதுக்கிச் சிவப்பு நூல் சுற்றினேன். அந்தக் கத்தி அந்த நாடாவைத் தவிர வேறு எதிலும் படாது என்று இவர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். நாலு வருஷம் அந்த வாக்கு நின்றது.

பல் போன கத்தி

பல் விழுந்த கத்தியைச் சரிசெய்ய விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதாது. பள்ளத்தின் அடிமட்டத்துக்கு முழு வாயையும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். அன்று மத்தியானமே முரட்டுக்கல்லில் ஆரம்பித்தேன். பத்துத் தள்ளு, கழுவு, கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார். பள்ளம் இருந்தால் நகத்தில் தட்டும். வெளியே தவில் சத்தம், 'அரோகரா' சத்தம், எனக்கு நகம் மட்டும்தான் ஞாபகம். மறுநாள் சாயங்காலம் தட்டுவது நின்றது. பிறகு சன்னக்கல், பிறகு நாடா வார்.

புது வாய் எடுத்த கத்தியில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதை நாடா முழுசாக எடுக்கவில்லை. சனிக்கிழமை சார் முகத்தில் தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அவரே படிகாரத்தை எடுத்து ஒற்றிக்கொண்டு, "பரவால்லங்க, இன்னைக்கு நான்தான் ஆடிட்டேன்" என்றாராம். அவர் ஆடவில்லை என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வருகிற புதன்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் முகத்தில் கீறலோடு அவர் உட்கார வேண்டுமா? செவ்வாய்க்கிழமை முழுக்க நாடாவில் இழுத்தேன். பிசிறு போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்துபோய்த் தோல் வாரை எடுத்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்? இருபது இழுப்பு. கத்தி வெண்ணெயாகிவிட்டது.

ஒன்பது தடவை

நிச்சயதார்த்தத்தன்று காலையில் சார் முகத்தைத் தடவிக்கொண்டே கண்ணாடி முன்னால் நின்றாராம். "இந்த மாதிரி ஒரு சவரம் எனக்கு ஆனதே இல்லைங்க" என்றாராம். வீட்டில் வந்து இவர் சொன்னபோது நான் உண்மையைச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு, வுடு. கத்திக்கு இன்னா தெரியும்?" என்றார்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல கத்தியைக் கொடுத்துவிட்டு மறுவாரம் மட்டமான கத்தியைக் கொடுக்க மனசு வரவில்லை. சார் ஊருக்குப் போயிருந்த ஒரு வெள்ளியைத் தவிர, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் இருபது இழுப்பு. எண்ணிக்கொண்டே வந்தேன். குற்றமில்லை என்று நினைக்கிறவள் எதற்கு எண்ணுவாள்?

ஒரு சனிக்கிழமை சார் சவரம் முடிந்து எழுந்தவர் இவரிடம் சொன்னாராம். "எங்க சித்தப்பா ஊர்லேர்ந்து வர்றாருங்க. விரதம் எடுக்கப்போறார். வெளிய எங்கயும் சவரம் பண்ணிக்க மாட்டேன்றார். நான் சொல்லிட்டேன், எங்க ஊர்ல ஒரு சலூன் இருக்கு, தோலே படாது, என்னை நம்பி வாங்கனு."

அதைக் கேட்டதும் என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அதுவரை அது எங்கள் பொய். இனிமேல் அந்த நல்ல மனிதர் வாயிலிருந்து அது வருகிறது.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னா, யாரு தீட்டினதுனு கேப்பாரு. இன்னா சொல்லுவ?"

"நான்தான்னு சொல்லுவேன்."

"அப்புறம் நான் அங்க இன்னாத்துக்கு நிக்கணும்? ஊரே சிரிக்கும். ஒரு ஆள் வர மாட்டான்."

அவர் கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பயந்தது நியாயம். பேர் போனால் எங்களுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். சார் அந்த நேரத்துக்கு அங்கே வருவார் என்று தெரியும்.

அவரைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, சலூன்காரர் வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பல் போனது, பிசிறு, தோல் வார், எல்லாவற்றையும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன்னால் என்னை அவர் பார்த்ததே இல்லை.

"எத்தன தடவைம்மா?"

"ஒம்போது தடவை சார்."

"தீட்றது நீங்களா?"

"ஆமா சார். மொதல்லேர்ந்து."

தராசுத் தட்டில் போட்டிருந்த காயைக் கைநிறைய அள்ளி மறுபடி குவியலிலேயே போட்டார். காய்க்காரம்மா, "இன்னா சார், வேணாமா?" என்றாள். "இன்னைக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டுக் காலிப் பையோடு நடந்தார். அவர் அன்றைக்குச் சாப்பிடப் போவதில்லை, தோல் பட்டதற்குப் பிராயச்சித்தமாக உபவாசம் இருக்கப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

கை நீட்டாத நாட்கள்

புதன்கிழமை சார் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. மார்க்கெட்டில் சாரிடம் சொல்லிவிட்டதை அன்றைக்கே இவரிடமும் சொன்னேன், அதிலிருந்து இவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கையை மடியில் வைத்துக்கொள்வார். கேட்டால் நீட்டுவாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாடாவுக்கு மேலே கடைசியாக ஒரு பதம் வேண்டும், அது தோலாக இருக்கக் கூடாது. சாக்கில் தேய்த்துப் பார்த்தேன். முருங்கைக் கட்டையைச் சீவி அதில் தேய்த்தேன். வாழைப் பட்டையைக் காயவைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. ஒரு நாள் கடுகு பொட்டலம் வந்த செய்தித்தாளை நாலாக மடித்துக் கல்லின்மேல் வைத்து இழுத்தேன். முதல் பத்து இழுப்பில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பதில் தாள் கறுத்தது. என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கித் தொங்கவிட்டுக் கத்தியை அருகில் கொண்டுபோனேன். பட்டதும் இரண்டாக விழுந்தது.

தோல் அளவுக்கு இல்லை. ஆனால் பிசிறு போயிருந்தது. பழைய நாடாவில் ஒன்பது தடவையும் தோல் வாரில் தேய்த்த கத்தி பட்டிருக்குமே என்று அதையும் கழற்றிப்போட்டுவிட்டுப் புது நாடாவில் வார் தைத்தேன். கத்தியை வெந்நீர் ஊற்றிக் கழுவி மறுபடி கல்லிலிருந்து தொடங்கினேன். யாருக்கென்று தெரியாமலே அதைச் செய்து முடித்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்

அடுத்த புதன்கிழமை காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நடுக்கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நின்றார். பத்து நாளில் முதல் பேச்சு.

"சார் வந்துக்கிறார். சித்தப்பாவும் வந்துக்கிறார். கத்தியையும் நாடாவையும் எடுத்துக்கினு வா."

"எங்க?"

"எங்கனா? உள்ள."

பிறகுதான் தெரிந்தது, சார் எல்லார் முன்னாலேயும், "தீட்றவங்களக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இவர், 'நான்தான் சார்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுடர் வாசனை, ரேடியோவில் ஏதோ பாட்டு. நாடாவைக் கொக்கியில் மாட்டினேன். அறுபது இழுப்பு, பிறகு மடித்த தாளில் நாற்பது.

சித்தப்பா, மெலிந்த கிழவர், முழுக்கப் பார்த்தார். பிறகு சாரிடம், "ஒரு தடவை தப்பு நடந்த இடம்பா. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சார் போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதுல தோல் படலைங்களே?"

"படல சார்."

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். இவர் சோப்பு நுரை போட்டுக் கத்தியை எடுத்தார். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. கதவோரமாக நின்றேன்.

முடிந்ததும் சார் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "போன மாசம் இத விட நல்லா இருந்துச்சு" என்றார் உள்ளபடி. "சனிக்கிழமை வர்றேங்க" என்று சொல்லிவிட்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பெஞ்சிலிருந்து அடுத்த ஆள் எழுந்து நாற்காலிக்கு வந்தார். வேங்கிக்கால்காரர், வருஷக்கணக்காக வருகிறவர். உட்காராமல் என்னையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, எனக்கும் அந்தம்மா தீட்டுன கத்திதானா?"

என் வீட்டுக்காரர் துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டினார்.

"பத்து வருஷமா அதான்யா உன் மூஞ்சில போய்க்கினு கீது. உக்காரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேங்கிக்கால்காரரும் சிரித்தார். அந்த ஒரு வார்த்தையை என் வீட்டுக்காரர் வாயால் கேட்கத்தான் நான் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது, கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.